எத்தியோப்பியச் சாப்பாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(எத்தியோப்பியாவுக்குக் கிளம்புகிறவர்களும் கிளம்ப ஆசைப்படுகிறவர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் அடிஸ் அபாபாவில் ஆசிரியையாக இருந்தவர்.)

அக்கா, நான் சுத்த சைவம். அங்கே போனால் பட்டினிதானா?

நாள் பார்த்துப் போனால் விருந்துதான். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரு நாளும் நோன்பு இருப்பார்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர் நோன்பு. அந்த நாட்களில் ‘யெத்சோம் பெயாய்நெத்து’ என்று கேளுங்கள். இன்ஜெரா என்ற பெரிய, தோசை மாதிரியான அப்பத்தின் மேல் மிசிர் பருப்பு, கீரை, கோஸும் கேரட்டும், பீட்ரூட், நடுவில் கொதிக்கக் கொதிக்க ஷிரோ என்ற பருப்பு மாவுக் குழம்பு என்று வண்ணம் வண்ணமாக வரும். ஈஸ்டருக்கு அடுத்த 50 நாள் மட்டும் இந்தப் புதன், வெள்ளி நோன்பு இல்லை. அப்போதும் ஷிரோ கிடைக்கும். ஆனால் ‘போசெனா ஷிரோ’ என்றால் அதில் மாட்டிறைச்சி இருக்கும், கவனம்.

இன்ஜெரா நம்ம தோசைதானே?

மாவைப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றுகிற வரைக்கும் தோசைதான். அப்புறம் வேறு. கடுகைவிடப் பொடியான டெஃப் தானியத்தை அரைத்து, முந்தின தடவை எடுத்துவைத்த புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் விடுவார்கள். மித்தாத் என்ற அகலக் கல்லில் ஊற்றி மூடிவிட்டால் ஆவியிலேயே வெந்துவிடும், திருப்பிப் போடுவதில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டெஃப் நல்லது. ஆனால் அதன் விலை அதிகம் என்பதால் வேறு மாவு கலப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரே தட்டில் எல்லாரும் கை வைப்பார்களாமே மேடம்? எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு அது இருக்கத்தான் செய்யும். சாப்பிடும் முன் எல்லார் கையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். வலது கையால், உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். திடீரென்று ஒருவர் இன்ஜெராவில் குழம்பைச் சுருட்டி உங்கள் வாயருகே நீட்டுவார். அது குர்ஷா, அன்பும் மரியாதையும் காட்டும் வழக்கம். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் திருப்பி ஊட்டினால் அந்த வீடே மகிழ்ந்துபோகும்.

காபிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஒரு மணி நேரமாவது. பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை முகர்ந்து பார்க்கக் கொடுப்பார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகையும், சோளப்பொரி இருக்கும். அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவது ஆசிக்குரியது, அதற்கு முன் எழுந்து போகாதீர்கள். ஓட்டல்களில் இதையே சுருக்கிக் காட்டுவார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் அதைத் தவறவிட வேண்டாம்.

அசைவத்தில் எதை விடக்கூடாது?

தோரோ வத். கோழியும் அவித்த முட்டையும் சேர்ந்த பண்டிகைக் குழம்பு. மலையளவு வெங்காயத்தை எண்ணெய் விடாமலே நெடுநேரம் வதக்கி, பெர்பெரே மிளகாய்ப்பொடி சேர்ப்பார்கள். நம் நாக்குக்கு அந்தக் காரம் சரியாக இருக்கும்.

விருந்துக்கு 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாடா?

மதியமாக இருக்கலாம்! அங்கே பகலை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 8 மணி அவர்களுக்கு 2 மணி; அவர்களுடைய பகல் 7 நமக்குப் பிற்பகல் 1. எந்தக் கணக்கு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.