மருந்தை நிறுத்திவிட்டோம், அடுத்து? இயற்கை விவசாயக் கேள்வி பதில்

அணைக்கட்டு (வேலூர் பக்கம்): அண்ணா, 40 சென்ட்டில் முள்ளு கத்தரி. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் நுனி வாடுகிறது, காயெல்லாம் ஓட்டை.

அது தண்டு, காய்ப்புழு தம்பி. புழு உள்ளே போய்விட்டால் எந்தக் கரைசலும் அதைத் தொடாது. வாடின நுனியைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பில் நெளியும். கிள்ளினதை வரப்பில் வீசாமல் எரித்துவிடுங்கள். இல்லையென்றால் சருகுக்குள் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகத் திரும்ப உங்கள் செடிக்கே வரும். ஓட்டை விழுந்த காயையும் பறித்து அழியுங்கள். விலை போகாது என்று செடியிலேயே விடுகிறார்களே, தொல்லையே அதில்தான். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, 40 சென்ட்டுக்கு இரண்டு போதும்.

வேப்பங்கொட்டையை நிறுத்த வேண்டாம். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வருஷக்கணக்கில் கிடந்த கொட்டையில் வீரியம் இருக்காது. அப்புறம், இதே நிலத்தில் அடுத்ததும் கத்தரி வேண்டாம்.

குடியாத்தம்: பஞ்சகவ்யம் எவ்வளவு கலக்கணும்? நெல்லுக்கு அதுமட்டும் போதுமா?

10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. நெல்லுக்கு அதுமட்டும் போதாது. மண்ணில் மக்கு இல்லாமல் மேலே தெளித்துக்கொண்டே இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடவுக்கு முன்னால் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்கத் தாமதமாகும்.

வாணியம்பாடி: ஐயா, எங்களுடையது பாலாற்றங்கரைக் கிணறு. பாய்ச்சினால் மண் வெள்ளை பூக்கிறது. சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைக்கிற ஜீவாமிர்தம் விட்டால் சரியாகுமா?

ஆகாதம்மா. தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய பக்கம் அது. தண்ணீரிலேயே உப்பு வந்துகொண்டிருக்கும்போது நுண்ணுயிர் என்ன செய்யும்? முதலில் மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதிக்கக் கொடுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். வெறும் உப்பு நிலமா, சோடியம் ஏறிய களர் நிலமா என்று தெரியணும். களருக்குத்தான் ஜிப்சம் கேட்கும். உப்பு மட்டும் என்றால் நல்ல தண்ணீர் தேக்கி வடித்தாக வேண்டும். வடிகால் இல்லாமல் அது நடக்காது. மழைத் தண்ணீரை வரப்புயர்த்தி நிறுத்துங்கள். தோல் கழிவு என்பதால் குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடி: சான்றிதழ் செலவில்லாமல் கிடைக்குமா?

உள்ளூரில் விற்க பிஜிஎஸ் போதும், அதாவது விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துத் தரும் சான்று. செலவு குறைவு. பக்கத்து விவசாயிகள் குறைந்தது 5 பேர் சேரணும். ஏற்றுமதி என்றால் அது செல்லாது.