மானிடவியல் துறைகளில் சாதனை என்று சொல்லும்படி ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. "பழங்குடிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதைத் தவிர அங்கே என்ன வேலை" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் வீட்டில் யாரோ கிளப்பிவிட்ட சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். பழங்குடி ஆய்வு மட்டமானது என்று நான் சொல்லவில்லை, அதற்குத் தனிப் பதிலே வேண்டும். இங்கே எலும்புப் பக்கம் மட்டும், அதுவும் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக மானிடவியல் துறையை வைத்து.

அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் 'பாடி ஃபார்ம்' என்பார்கள், அதாவது சடலங்களைத் திறந்தவெளியில் கிடத்தி அவை எப்படி அழுகுகின்றன என்று பார்க்கும் ஆய்விடம். 1977-ல் அத்துறையின் வில்லியம் பாஸ் ஒரு சடலத்தைப் பார்த்துவிட்டு, இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். அது 1864 டிசம்பரில் நாஷ்வில் போரில் இறந்த கர்னல் வில்லியம் ஷையின் உடல். பதப்படுத்தி இரும்புப் பெட்டியில் அடக்கம் செய்ததால் சதை அப்படியே இருந்தது. 113 ஆண்டு பிழை! 1981-ல் தானமாக வந்த முதல் உடலோடு திறந்தவெளி ஆய்வு தொடங்கியது. இறந்து எத்தனை நாள் ஆனது என்பதைவிட எவ்வளவு வெப்பம் பட்டது என்பதே முக்கியம் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். தினசரி சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 1,285 வரும்போது தரையில் திறந்து கிடக்கும் உடல் பெரும்பாலும் எலும்பாகிவிடும். சராசரி 25 டிகிரி என்றால் ஏறக்குறைய 51 நாள். புதைத்த உடலுக்கும் தண்ணீரில் கிடந்ததற்கும் இது பொருந்தாது.

ஆனால் என் கணக்கில் அத்துறையின் பெரிய சாதனை, செய்தியில் வராத வேறொன்று.

எலும்பிலிருந்து உயரம் சொல்ல, மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் க்ளெசரும் 1952-ல் வெளியிட்ட சூத்திரங்களைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பை வைத்து வெள்ளை ஆண்களுக்கு: நீளம் × 2.52 + 78.62 செ.மீ. அளக்கும் விதம் இது. எலும்பை அளவுப் பலகையில் படுக்க வைத்து, மேல்முனையின் வெளிப்பக்க மூட்டுப் பரப்பை நிலையான சுவரில் ஒட்ட வைக்க வேண்டும். மேலே நடுவில் துருத்தி நிற்கும் முகடு அளவில் சேரக்கூடாது. கீழே, கணுக்காலின் உட்பக்கம் கையில் தட்டுப்படுமே ஒரு புடைப்பு, அதன் நுனி வரை நகரும் கட்டையைக் கொண்டுவர வேண்டும்.

ட்ராட்டரின் கட்டுரையிலும் அந்தப் புடைப்பைச் சேர்த்து அளக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. டென்னசியின் ரிச்சர்ட் ஜான்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ட்ராட்டர் அளந்த அதே எலும்புகளைத் திரும்ப அளந்தார்கள். அவருடைய அளவுகள் 10 முதல் 12 மி.மீ. வரை குறைவாக இருந்தன. புடைப்பை விட்டுவிட்டு அளந்திருக்கிறார். 1995-ல் இது கட்டுரையாக வந்தது.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். சரியாக 37.0 செ.மீ. அளந்து சூத்திரத்தில் போட்டால் 171.9 வரும். அவர் அளந்த விதத்தில் அதே எலும்பு 35.9 என்றால் 169.1. சூத்திரமே புடைப்பு சேராத அளவுகளில் போட்டது என்பதால், முறைப்படி அளந்தவருக்குத்தான் தப்பான உயரம் கிடைத்தது! நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் காணாமல்போனவர் பட்டியலோடு இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொடை எலும்பு கிடைத்தால் டிபியாவைத் தொடாதீர்கள். தொடை எலும்பின் சூத்திரத்தில் இந்தக் கோளாறு இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு ஆத்திரமும் கூடவே வருகிறது. "எலும்புக்கூட்டின் உயரம் 165 செ.மீ." என்று ஒற்றை எண்ணாக ஏன் அறிவிக்கிறார்கள்? டிபியா சூத்திரத்தின் திட்டப்பிழையே, அதாவது கணிப்பு உண்மையான உயரத்திலிருந்து வழக்கமாக விலகும் அளவே, 3.37 செ.மீ. அதை இரட்டித்து இருபுறமும் விட்டால்தான் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் உள்ளே வருவார்கள். அமெரிக்கச் சிப்பாய்களையும் அங்குள்ள எலும்புத் தொகுப்பையும் வைத்துப் போட்ட சூத்திரம் நம் ஆட்களின் கை கால் விகிதத்துக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே வயதும் உயரமும் பதிவான எலும்புத் தொகுப்புகள் பெருக வேண்டும். டென்னசியில் தானமாக வந்த எலும்புக்கூடுகளே 1,500-க்கு மேல்.

அங்கே உருவான ஃபோர்டிஸ்க் மென்பொருளிலும் இதே ஆபத்து உண்டு. மண்டை ஓட்டு அளவுகளைக் கொடுத்தால், தன்னிடம் உள்ள மக்கள் குழுக்களில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதில் தள்ளிவிடும், உண்மையான குழு அதில் இல்லாவிட்டாலும். அதனால் குழுப்பெயரைப் படிக்கும் முன் டிப்பிகாலிட்டி மதிப்பைப் பாருங்கள், அந்த மண்டை ஓடு அக்குழுவில் இருக்கக்கூடியதுதானா என்று காட்டும் எண் அது. அந்த எண் 0.05-க்கும் கீழே இருந்தால் அந்தப் பெயரை அறிக்கையில் எழுதக்கூடாது.