45 லட்சம் இருக்கட்டும், முதலில் அண்ணனுக்கான டாப்-அப்பை நிறுத்துங்கள்

கேள்வி: வயது 29. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பெங்களூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000. மர்ஃபி டவுனில் அம்மாவோடு இருக்கிறேன். வாடகை 12,000, வீட்டுச் செலவு 11,000. பர்சனல் லோன் தவணை 10,950. ஓசூரில் கடை வைத்திருக்கும் அண்ணனின் சீட்டுக்கு 5,000, ஆப்பில் டிஜிட்டல் தங்கம் 2,000. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராகி, குழந்தையின்மை சிகிச்சையிலேயே நிலைக்க வேண்டும் என்பது ஆசை. ஒரு ஏஜென்சி, அடமானம் இல்லாமல் 45 லட்சம் படிப்புக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. ஜாமீன் கையெழுத்து போட அண்ணன் தயார். வாங்கலாமா? யோசித்தால் தூக்கம் வரவில்லை.
— வாசகி, பெங்களூரு

பதில்: சிக்கனம், அவசர நிதி, மருத்துவக் காப்பீடு பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. கணக்கை ரூபாய் சுத்தமாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியில் வராத ஒரு விஷயம் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பர்சனல் லோனை இதுவரை இரண்டு முறை ‘டாப்-அப்’ செய்திருக்கிறீர்கள், அதாவது பழைய பாக்கியோடு புதுத் தொகையைச் சேர்த்து மறுபடி ஐந்து வருடக் கடனாக்கியிருக்கிறீர்கள். இரண்டுமே அண்ணனுக்காக: ஒரு முறை ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் மெஷின், அடுத்த முறை கடை அட்வான்ஸ். சம்பளம் ஏறும் ஒன்றாம் தேதி சாயங்காலம் அவர் போன் செய்வார், “சாப்பிட்டியா பாப்பா” என்றுதான் ஆரம்பிப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த லோனைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 16% வட்டியில் 3 லட்சம், ஐந்து வருடம். தவணை சுமார் 7,300. முதல் வருடம் கட்டியது ஏறக்குறைய 87,500. அசலில் குறைந்தது 42,500தான், மீதி 45,000 வட்டி. ஐந்து வருடக் கடனில் முதல் வருடம் இப்படித்தான் போகும். போகப் போக அசல் வேகமாகக் குறையும். அந்த நல்ல காலம் வருவதற்குள் 1.5 லட்சம் டாப்-அப் வாங்கினீர்கள். 4.07 லட்சத்துக்கு மறுபடி முதல் வருடம். அடுத்த வருடம் இன்னும் ஒரு லட்சம், 4.5 லட்சத்துக்கு மூன்றாவது முறையாக முதல் வருடம். ஆக 32 மாதத்தில் கட்டியது சுமார் 2.94 லட்சம், அதில் 1.5 லட்சத்துக்கு மேல் வட்டி. இன்னும் பாக்கி 4.09 லட்சம். ஒவ்வொரு முறையும் பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, அது தனி.

வேலையில் நீங்கள் எப்படிப்பட்டவர்? முட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்னால் முட்டையை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி, இரவு பத்தரை என்றால் பத்தரை. தம்பதி கல்யாண வீட்டில் இருந்தாலும் போனில் கூப்பிட்டுப் போட வைப்பீர்கள். ஆனால் வங்கியிலிருந்து “உங்களுக்கென்றே முன் அனுமதி” என்று மெசேஜ் வந்தால் நாலு நிமிடத்தில் மூன்று தடவை தட்டிவிட்டு ஒரு லட்சத்தை ஓசூருக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

இந்த நிலையில் 45 லட்சம். ஏஜென்சி சொன்ன 12% வட்டியையே வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 45,000. உங்கள் சம்பளம் 42,000. படிக்கும்போது கட்ட வேண்டாம் என்பார்கள். அந்த மாதங்களிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, அந்தப் படிப்புக்கு வருவோம். உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதலாம். கருத்தரிப்பு மையங்களில் ஸ்கேன் பார்ப்பது, ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்வது, ஊசி மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் இவர்கள் செய்கிற வேலை. ஆனால் ‘குழந்தையின்மை நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று அங்கே தனி உரிமம் கிடையாது. பெரும்பாலும் பெண்கள் நலப் பிரிவில் பட்டமும் சான்றும் வாங்கி, இந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்து பழகுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேண்டும்: நம் ஊர்ச் சான்றிதழ் மதிப்பீடு, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு, ஏதாவது ஒரு மாநில உரிமம். இந்தப் பட்டப்படிப்பில் பெரும்பாலான கல்லூரிகள் சேர்க்கையின்போதே அந்த உரிமத்தைக் கேட்கும். ஏஜென்சி உங்களுக்கு அனுப்பிய இரண்டு பக்கத் தாளில் ‘என்கிளெக்ஸ்’ என்ற சொல்லே இல்லை. கடன் தொகை மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது.

என்கிளெக்ஸை எழுத அமெரிக்கா போக வேண்டியதில்லை, பெங்களூரிலேயே எழுதலாம். கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையம் என்பதால் இன்னும் 150 டாலர். சான்றிதழ் மதிப்பீடு, உரிமக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை லட்சத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு. நர்ஸாக அங்கே போய்விட்டால், பல மருத்துவமனைகள் ஊழியரின் மேற்படிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கின்றன. ஒரே சிக்கல், நர்ஸ்கள் போகும் கிரீன் கார்டு பிரிவில் இந்தியர்களின் வரிசை பத்து வருடத்துக்கும் மேல். இதையும் ஏஜென்சி சொல்லியிருக்காது.

அதனால் இங்கே உள்ள வழியையும் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளில் தீவிர சிகிச்சையும் பிரசவப் பராமரிப்பும் உண்டு, குழந்தையின்மை கிடையாது. உங்களுக்குப் பொருந்துவது மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் எம்.எஸ்சி. நர்சிங், இரண்டு வருடம். இன்னொன்று: 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், மையத்தில் இருக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஆலோசகரும் உண்டு. நர்சிங் பட்டதாரி அந்த இடத்துக்கு வரலாம். பாதி நாள் நீங்கள் பார்ப்பது அந்த வேலைதானே? பதவியும் அதற்கான சம்பளமும் ஏன் உங்களுக்கு இல்லை என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்கப் பைசா செலவில்லை.

இப்போது காசு. சீட்டுக்குப் போகும் 5,000, டிஜிட்டல் தங்கத்தின் 2,000 இரண்டையும் லோனுக்குத் திருப்புங்கள். அந்தத் தங்கத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வாங்கும்போதே 3% ஜிஎஸ்டி, விற்கும்போது விலை வித்தியாசம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டுக்குள்ளும் வராது. 16% கடனை வைத்துக்கொண்டு மின்னுவதை வாங்கிச் சேர்ப்பது என்ன கணக்கோ. விற்றால் 50,000 தேறும் என்கிறீர்கள். 15,000 கையிருப்பாக வைத்துக்கொண்டு 35,000 லோனில் கட்டுங்கள். அப்புறம் மாதம் 17,950. இன்னும் 52 மாதம் ஓட வேண்டிய கடன் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முடியும். சில வங்கிகள் 12 தவணை முடியாமல் பகுதித் தொகை வாங்காது, அபராதமும் போடும். இரண்டாவது டாப்-அப்புக்கு எட்டு தவணைதான் ஆகியிருக்கிறது, ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுங்கள். வாங்க மாட்டோம் என்றால் அதுவரை வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போட்டு வையுங்கள்.

அண்ணனிடம் சண்டை வேண்டாம். சீட்டு அவர் பெயரில் இருக்கிறது, தவணையை அவரே கட்டட்டும். அடுத்த மெஷினுக்கு முத்ரா கடனில் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவில் கேட்கலாம், கடைக்காரர்கள் போன்ற சிறுதொழில் செய்பவர்களுக்கான கடன். “சிபில் சரியில்லை, எனக்குத் தர மாட்டாங்க” என்று கடன் மதிப்பெண்ணைக் காட்டிச் சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன்பும் அதைத்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கி தர மறுக்கும் ஆளுக்கு உங்கள் பெயரில் வங்கியிடம் வாங்கித் தந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் 45 லட்சத்துக்கு அவர் போடுவதாகச் சொல்லும் ஜாமீன் கையெழுத்தின் மதிப்பும் அதே சிபிலைப் பொறுத்ததுதான். கடன் ஆப்பில் ‘முன் அனுமதி’ மெசேஜ்களை நிறுத்தும் வசதி இருக்கும், இல்லாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, ஏஜென்சி ‘பதிவுக் கட்டணம்’ என்று 25,000 கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதை எடுத்து, திருப்பித் தருவது பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள்.