வாசகர் கேள்வி–பதில்: மாலைக் கோப்பைக்கு எந்த போர்ட் ஒயின்?

சென்ற இதழில் போர்ட் ஒயினைப் பற்றி வெளியான சிறு குறிப்பைத் தொடர்ந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம் ஆதலால், இப்பகுதியும் அந்த வயதைக் கடந்தவர்களுக்கே உரியது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் போர்ட் ஒயின் வாங்கி வருகிறார்கள். லேபிளில் ரூபி, டானி, எல்.பி.வி., வின்டேஜ் என்று பலவாறு போட்டிருக்கிறது. இரவு உணவுக்குப் பின் சிறிதளவு பருக எதை வாங்கி வரச் சொல்வது?
– நுங்கம்பாக்கம் வாசகர்

பத்தாண்டு டானியை வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்கான காரணம் விளங்க, இந்த ஒயின் உருவாகும் விதத்தைச் சற்றே பார்க்க வேண்டும்.

போர்ச்சுகலின் வடபகுதியில் ஓடும் டோரு ஆற்றின் பள்ளத்தாக்குதான் போர்ட் ஒயினின் தாயகம். 1756ஆம் ஆண்டிலேயே அரசு எல்லை வகுத்துக்கொடுத்த பகுதி அது. அங்கே திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி மிச்சமிருக்கும் நிலையில், 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சை ஸ்பிரிட்டை, நாலு பங்கு ஒயினுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு என்ற கணக்கில் ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. ஆல்கஹாலும் சாதாரண ஒயினில் இருக்கும் 12, 13 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு உயர்ந்துவிடுகிறது.

இதுவரை எல்லா வகைக்கும் ஒரே வழிதான். அதன் பிறகு ஒயின் எங்கே, எவ்வளவு காலம் கிடக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. பெரிய கலங்களில் காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுப் பாட்டிலுக்கு வருவது ரூபி; அதில் பழச்சுவையும் அடர்சிவப்பும் மாறாமல் இருக்கும். ஏறத்தாழ 550 லிட்டர் கொள்ளும் மரப் பீப்பாய்களில் பல்லாண்டுகள் கிடந்து, மரத்தின் வழியே சிறுகச் சிறுகக் காற்றுப் பட்டு நிறம் வெளுத்து வருவது டானி. கோப்பையைச் சாய்த்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ரூபி என்றால் விளிம்பு வரையில் சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும். டானி என்றால் விளிம்பில் செங்கல் நிறமும் அதற்கும் வெளியே மெல்லிய தேன் நிறமும் தெரியும். மணத்திலும் வறுத்த பருப்பு, காய்ந்த அத்திப்பழம், வெல்லப்பாகு ஆகியவை முன்னால் வந்து நிற்கும்.

எல்.பி.வி. என்பது ஒரே ஆண்டு அறுவடையை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை கலத்தில் வைத்துப் பின்னர் பாட்டிலில் அடைப்பது. விலைக்கேற்ற நல்ல சரக்கு. சிறந்து விளைந்த ஓர் ஆண்டின் அறுவடையில் மட்டும் செய்யும் வின்டேஜ் இன்னும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பாட்டிலுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிர வேண்டியது, வண்டலை வடிகட்டி ஊற்ற வேண்டியது, திறந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் தீர்க்க வேண்டியது. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில், தினமும் ஒரு சிறு கோப்பை என்ற கணக்குக்கு அது ஒத்துவராது. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லாமல் வெறுமனே 'டானி' என்று போட்டிருப்பதைக் கண்டால் சற்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது நிறம் குறைந்த இளம் ஒயினாகவே இருக்கும். முதிர்ச்சியை ஆண்டுகளில் குறிக்கும் 10, 20 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இருபதாண்டுச் சரக்கு அருமையானதுதான். ஆனால் அன்றாடப் புழக்கத்துக்கு அந்த விலை கொடுப்பதில் பொருளில்லை என்பது எமது கருத்து. டானியுடன் உப்பிட்டு வறுத்த முந்திரி, கடலை மிட்டாய், ஏன், ஓர் அதிரசம்கூட நன்றாகப் பொருந்தும். மைசூர்பாகைத் தவிர்க்கவும், பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளிப்பாகத் தெரியத் தொடங்கும்.

திறந்த பாட்டிலைப் பரணில் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் சுவை கெட்டுவிட்டது. போர்ட் கெடாது என்று சொன்னார்களே?
– வேளச்சேரி வாசகர்

கெடாது என்பது பாதி உண்மை. ஆல்கஹாலும் சர்க்கரையும் அதைச் சாதாரண ஒயினைவிட நீண்ட நாள் காப்பாற்றும். அதைவிட முக்கியமானவை வெப்பமும் காற்றும். வெளிநாட்டு நூல்களில் குறிக்கப்படும் கால அளவுகளெல்லாம் 18 டிகிரி வெப்பம் உள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் மே மாதத்தில் வெளியில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஓடு வேய்ந்தாலும் தளம் போட்டாலும் கூரைக்கு அடியில் இருக்கும் பரண்தான் வீட்டிலேயே மிகச் சூடான இடம்.

திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் நிற்க வைத்துவிடுங்கள். ரூபியானால் இரண்டு மூன்று வாரமும், டானியானால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். டானி ஏற்கெனவே காற்றுடன் பழகிய ஒயின் என்பதால்தான் இந்தச் சலுகை. பருகும்போதும் அதே குளிர்ச்சியில் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் விட்டுப் பருகினால் 12 டிகிரிக்கு அருகில் வந்திருக்கும். சென்னை அறையின் வெப்பத்தில் போர்ட்டைப் பருகினால் ஸ்பிரிட்டின் காரம் மட்டும் மூக்கில் ஏறும்.

டாஸ்மாக்கில் போர்ட் கிடைக்குமா? கோவாவில் குறைந்த விலைக்கு விற்கும் போர்ட் ஒயினும் இதுவும் ஒன்றுதானா?
– அண்ணா நகர் வாசகர்

சாதாரணக் கடையில் எதிர்பார்க்க வேண்டாம். இறக்குமதிச் சரக்கு வைத்திருக்கும் எலைட் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இருப்பு கடைக்குக் கடை மாறும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வையின்றி மது கொண்டுவர அனுமதி உண்டு. 750 மில்லி பாட்டிலாக இரண்டு வாங்கலாம். கோவாவில் அப்பெயரில் விற்பது உள்நாட்டில் தயாராகும் இனிப்புச் சிவப்பு ஒயின். டோருவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. குளிர வைத்து, சோடாவும் எலுமிச்சையும் சேர்த்தால் பருகும்படியாக இருக்கும். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

வெயில் காலத்தில் போர்ட் கனமாகத் தோன்றுகிறது. மாற்று ஏதேனும் சொல்லுங்கள்.
– தாம்பரம் வாசகர்

வெள்ளைத் திராட்சையில் செய்யும் வெள்ளை போர்ட்டை முயன்று பாருங்கள். ஒரு பங்கு வெள்ளை போர்ட்டுக்கு இரண்டு பங்கு டானிக் வாட்டர், நிறையப் பனிக்கட்டி, ஓர் எலுமிச்சைத் துண்டு, நாலு புதினா இலை. போர்ட்டோ நகரத்துக்காரர்களே கோடையில் இப்படித்தான் பருகுகிறார்கள். உள்நாட்டுச் சரக்கே போதும் என்றால் நாசிக் பகுதியின் செனின் பிளாங்க் ஒயினை நன்றாகக் குளிர வைத்துப் பருகலாம். ஸ்பெயினின் ஃபீனோ ஷெர்ரி இனிப்பே இல்லாதது. வறுத்த நெத்திலிக்கு அதைவிடப் பொருத்தமான ஒயின் கிடையாது, ஆனால் திறந்த ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

எனினும் சென்னைக்கென்றே செய்தது போன்ற ஒன்று உண்டென்றால் அது மதேராதான். அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேராத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்களில், வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போது ஒயின் மாதக்கணக்கில் சூடேறியது. கெட்டிருக்க வேண்டிய அது முன்பைவிடச் சுவை கூடியிருந்ததைக் கண்ட பின்னர், வேண்டுமென்றே ஒயினைக் கப்பலேற்றி அனுப்பித் திரும்பக் கொண்டுவந்த காலமும் இருந்தது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் மதராஸ் கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களின் மேசையில் மதேராவே ஆட்சி செய்தது. இன்று கப்பல் பயணத்துக்குப் பதிலாக, மலிவுச் சரக்கைக் கலத்திலேயே 45 முதல் 50 டிகிரி வரையில் மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். உயர்ந்த சரக்கை வெயில் காயும் மாடியறைகளில் பீப்பாயோடு பல ஆண்டுகள் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே இத்தனை பட்டுவிட்ட ஒயின் என்பதால் திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடுவதில்லை. வேளச்சேரி வாசகரின் பரணில் இது இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இனிப்பு வேண்டாதவர்கள் செர்சியல் என்றும், வேண்டுபவர்கள் புவால் அல்லது மாம்சி என்றும் லேபிளில் பார்த்து வாங்கலாம்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. போர்ட் ஒயின் மருந்து மாதிரி, இரத்தம் ஊறும் என்று சொல்லி இரவில் ஒரு தம்ளர் பருகுகிறார். சரிதானா?
– அடையாறு வாசகி

சரியன்று, அம்மா. நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு அந்தக் கால மருத்துவர்கள் போர்ட் எழுதிக் கொடுத்தது உண்மை. அதை மருந்தாகக் கருதுவதற்கு இன்று எந்த ஆதாரமும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருப்பதாகக் கேள்வி. அதையும் கைவிட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். போர்ட்டில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. 60 மில்லி ஊற்றினால் 6 கிராம் சர்க்கரையும், ஏறத்தாழ 9.5 கிராம் ஆல்கஹாலும் உள்ளே போகின்றன; தம்ளர் என்று நீங்கள் எழுதியிருப்பது 180 மில்லியானால் இவற்றை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆல்கஹாலால் நள்ளிரவில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. அவருடைய மருத்துவரிடம் இந்தத் தம்ளர் விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கிறிஸ்துமசுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடலாமா? மது தொடாத விருந்தினர்களுக்கு என்ன கொடுப்பது?
– பெரம்பூர் வாசகி

பன்னீர் திராட்சையை ஜாடியில் ஊறப்போடும் வழக்கம் உங்கள் பகுதியின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் தலைமுறையாக இருந்துவருவதுதான். ஆனால் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால் செய்முறையை இங்கே தர இயலாது.

அதே வீடுகளில் செய்யும் இஞ்சி ஒயினைச் செய்யுங்கள். பெயரில்தான் ஒயின், ஆல்கஹால் இல்லை. 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, ஒரு துண்டு பட்டை, ஐந்தாறு கிராம்பு, கிள்ளிய இரண்டு காய்ந்த மிளகாயுடன் 2 லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். 600 கிராம் சர்க்கரையில் நாலு கரண்டியைத் தனியே எடுத்து, அடிகனமான வாணலியில் கருஞ்சிவப்பாகும் வரை உருக்கி, விலகி நின்று சிறிது வெந்நீர் ஊற்றிக் கரைத்துக்கொள்ளுங்கள். நிறம் இதிலிருந்துதான் வரும். மீதிச் சர்க்கரையையும் இதையும் கொதிக்கும் நீரில் சேர்த்து, ஆறிய பின் துணியில் வடிகட்டி, நாலு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். காரம் முதல் நாளில் தூக்கலாக இருக்கும். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் கிடந்தால் அடங்கிவிடும். பத்து நாட்களுக்குள் தீர்த்துவிடவும்.