பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கதவுக்குக் கீழே கறள் பிடிப்பது ஏன்?

காரணம் பெரும்பாலும் அடைபட்ட வடிகுழாய். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக் காரில், துணிக்கூரையில் விழும் மழைநீர் இரு ஆசனங்களுக்கும் பின்னால் இறங்கும் இந்தக் குழாய்களால் பின்சில்லுக்குச் சற்று முன்னே வெளியேற வேண்டும். தூசியும் இலைத்துணுக்கும் அடைத்தால், நீர் கதவுக்குக் கீழுள்ள மூடிய தகரப் பெட்டிக்குள் தேங்கும். கூரைப் பீலியில் வேப்பிலை அடைத்தால் சுவர் ஊறுவது போலத்தான். கறள் உள்ளிருந்து வருவதால், பெயின்ட் கொப்பளிக்கும்போது உட்தகரம் அநேகமாகப் போயிருக்கும்.

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் இது இன்னும் மோசம். படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு வேகமாகும்.

ஒக்டோபர் மழைக்கு முன் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள வடிகுழாயின் வாயில் ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கீழே வடியாவிட்டால் புல்வெட்டி நைலோன் இழையை விட்டு எடுங்கள். கூர்க்கம்பி குழாயைக் கிழிக்கும், அழுத்தக் காற்று கழற்றிவிடும்.

ஓட்டை விழுந்திருந்தால் நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, புதுத் தகரம் வெல்டிங் செய்து, பிறகே உள்ளே மெழுகு ஸ்பிரே அடியுங்கள். முதலில் அடித்தால் வெல்டிங் சூட்டில் மெழுகு தீப்பற்றும். புட்டி பூசி மறைப்பது வீண்செலவு.

அடியில் தடிப்பாகத் தார்ப்பூச்சு அடித்தால் கறள் வராது என்பது தவறு. அது பெட்டியின் அடித்துளைகளையும் அடைத்து நீரை உள்ளேயே பூட்டிவிடும்.