70 வயது அம்மாவுக்கு நிமோனியா: அட்மிட் ஆகாமல் குளச்சல் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் முதலில் மருத்துவர் நேரில் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். புதிதாக வந்த குழப்பம், ரத்த யூரியா டெசிலிட்டருக்கு 42 மில்லிகிராமுக்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது அதற்கு மேல்: ஒவ்வொன்றுக்கும் 1. வயதுக்கான 1 மட்டும் என்றால் பொதுவாக வீடு போதும். சில லேப்கள் யூரியாவுக்குப் பதில் யூரியா நைட்ரஜன் (BUN) அளவைத் தருவார்கள். அதில் வரம்பு 20தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஊசி மருந்து தேவைப்பட்டாலும் பகலில் போட்டுவிட்டுத் திரும்பலாம். கையில் விட்டனுப்பும் கேனுலா (ஊசி மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) நனையக் கூடாது. சுற்றிலும் சிவந்து வீங்கினால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

மூச்சை எண்ணும்போது அம்மாவிடம் சொல்லாதீர்கள், சொன்னால் வேகம் மாறும். நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 நொடி எண்ணுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் போடுமுன் விரலைச் சூடாக்குங்கள், நகப்பூச்சை அழியுங்கள். குளிர்ந்த விரல் தப்பாகக் காட்டும்.

ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழ் போனாலோ, பேச்சு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். நன்றாக இருந்தாலும் 48 மணி நேரத்தில் மறுபரிசோதனை கட்டாயம். ராத்திரி பக்கத்தில் ஆள் இல்லாத வீடென்றால், மதிப்பெண் எதுவானாலும் அட்மிட் செய்வதே நல்லது.