முதன்முறையாக லெப்பர்ட் கெக்கோ வளர்க்கப் போகிறேன். தொட்டி அமைப்பதும் அன்றாடப் பராமரிப்பும் எப்படி?

பல்லியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டியை முழுதாக அமைத்து, ஹீட்டரை ஓடவிட்டு, இரவும் பகலும் வெப்பத்தை அளந்து பாருங்கள். கெக்கோ சாப்பிடவில்லை, தின்றதைக் கக்குகிறது, மலம் போகவில்லை என்று வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால், பல நேரங்களில் அது படுக்கும் தரையின் சூடு சரியில்லை என்பதில்தான் வந்து நிற்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலம்தான் இதன் தாயகம். பகலில் பாறை இடுக்கில் பதுங்கி, அந்தப் பாறையின் சூட்டை வயிற்றில் வாங்கிக்கொண்டு, அந்தி சாய்ந்தபின் இரை தேடும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் செரிமானம் மந்தமாகிவிடும்.

வளர்ந்த ஒரு கெக்கோவுக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டி வேண்டும். உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் பல்லி தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ள முடியும். சின்னத் தொட்டியில் எல்லா இடமும் ஒரே சூடாகிவிடும். வீட்டுப் பல்லியைப் போல ஒட்டும் பாதம் இதற்குக் கிடையாது, கண்ணாடியில் ஏறாது. ஆனாலும் கம்பிவலை மூடி அவசியம்.

வெப்பம் தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் தட்டை விரிப்பு) தொட்டியின் ஒரு முனையில், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி அடியில் ஒட்டலாம். அல்லது மேலிருந்து ஹாலோஜன் பல்பு போட்டு, அதன் கீழே ஒரு தட்டைக் கல்லை வைக்கலாம். என் தேர்வு ஹாலோஜன்தான். கல்லும் காற்றும் சேர்ந்து சூடேறும், பகல் இரவு வேறுபாடும் தானாகக் கிடைக்கும். எதைப் போட்டாலும் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடாதீர்கள். கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 45 டிகிரியைத் தாண்டக்கூடும். சூடு தேடிப் படுக்கும் விலங்கு என்பதால், வயிறு வெந்துகொண்டிருந்தாலும் அங்கேயே கிடக்கும். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் போதும். ஹாலோஜனுக்கு, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைதான் வேண்டும். ஆன்-ஆஃப் வகையில் விளக்கு விட்டுவிட்டு எரிந்து பல்லியையும் அலைக்கழிக்கும், பல்பும் சீக்கிரம் போய்விடும்.

அதிகம் தவறு நடப்பது தெர்மோஸ்டாட்டின் சென்சார் கம்பியில். பல்லி படுக்கும் இடத்தின் சூட்டை அது அளக்க வேண்டும். ஹீட் மேட் என்றால், சூடான குகைக்குள் தரையோடு அதை அசையாமல் பொருத்துங்கள். டேப் போட்டு ஒட்டினால் தோலில் ஒட்டிக்கொள்ளும், கேபிள் கிளிப் நல்லது. பல்லி தோண்டும்போது கம்பி நகர்ந்து குளிர்ந்த பக்கம் போனாலோ தண்ணீரில் விழுந்தாலோ, 'இன்னும் சூடேறவில்லை' என்று கருவி ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு அகச்சிவப்பு வெப்பமானியால் தரையை அளந்து பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர் அந்த இடத்துக் காற்றை மட்டுமே காட்டும்.

சூடான குகையின் தரை 31 முதல் 33 டிகிரி, விளக்கின் கீழுள்ள கல் 34 முதல் 36, குளிர்ந்த முனை 22 முதல் 25. இரவில் 20 வரை இறங்குவது ஆரோக்கியமான பல்லிக்கு நல்லதே. அறை அதற்கும் கீழே குளிர்ந்தால், ஒளி தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். சிவப்பு, நீல 'இரவு விளக்குகள்' வேண்டாம். அந்த ஒளியும் அதற்குத் தெரியும். கோடையில் அறையே 32 டிகிரிக்கு மேல் போனால் சிக்கல் தலைகீழ்: ஹீட்டரை நிறுத்திவிட்டு, குளிர்ந்த முனையைக் காப்பாற்றும் வழியைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் சூடேறும் செயற்கைக் கற்களை வாங்கவே வேண்டாம், தீக்காயம் வரும்.

குகைகள் மூன்று தேவை: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, இடையில் தோல் உரிக்க உதவும் ஈரக் குகை. முதுகு கூரையில் உரசும் அளவுக்கு நெருக்கமான குகையைத்தான் இவை விரும்பும். ஈரக் குகைக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் துளையிட்டு, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்து, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை நிரப்பினால் போதும். கனமான கற்களை மண்ணின் மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றுங்கள். அடியில் தோண்டினால் சரிந்து நசுக்கிவிடும்.

முதல் சில வாரங்களுக்குத் தரையில் பேப்பர் டவல் மட்டும் போடுங்கள். மலம் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். பிறகு டைல் போடலாம். அல்லது உரம் கலக்காத மண் 70 பங்கு, கழுவிய மணல் 30 பங்கு கலந்து சில செ.மீ. ஆழத்துக்குப் பரப்பலாம், இந்த ஆழமான மண்ணுக்கு மேலிருந்து வரும் வெப்பமே பொருந்தும், ஹீட் மேட் அல்ல. கால்சியம் மணல் என்று விற்பதை ஒதுக்குங்கள். கால்சியம் குறைந்த பல்லி அதை நக்கித் தின்னும், குடலில் கட்டியாகி அடைக்கும்.

யூவிபி (ஒருவகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லாமலும் வளர்க்கிறார்கள், ஆனால் குறைந்த திறனுள்ள 5 முதல் 7 சதவீதக் குழல் விளக்கு ஒன்றைப் பகலில் 12 மணி நேரம் எரியவிடுவதே நல்லது. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், எனவே வலைக்கு மேலோ தொட்டிக்கு உள்ளேயோதான் வைக்க வேண்டும். நிறமி குறைந்த அல்பினோ வகைகளுக்குக் கண் கூசும். அவற்றுக்கு இன்னும் குறைந்த ஒளி, கூடுதல் நிழல்.

உணவு பூச்சி மட்டுமே. பழமோ காய்கறியோ தின்னாது. கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மீல்வார்ம் இடையிடையே போதும்; கொழுப்பு மிகுந்த வேக்ஸ்வார்ம் மாதத்துக்கு ஓரிரு முறை. பூச்சி, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. உடல் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் இரண்டு பூச்சி என்பது ஒரு வேளைக்கான தோராயக் கணக்கு. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே பூச்சிகளுக்குக் கேரட், கீரை போட்டு வயிற்றை நிரப்புங்கள். மிஞ்சிய கிரிக்கெட்டை இரவில் தொட்டியில் விட்டால் அது பல்லியையே கடிக்கும். வெளியில் பிடித்த பூச்சிகளில் பூச்சிமருந்து இருக்கலாம். மின்மினி உயிரையே பறிக்கும்.

பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதனால்தான் பொடி தூவுவது. யூவிபி இருந்தால் ஒவ்வொரு வேளையும் வைட்டமின் டி3 (யூவிபி பட்டால் உடலே தயாரித்துக்கொள்வது) இல்லாத கால்சியம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ உள்ள மல்டிவைட்டமின். யூவிபி இல்லையென்றால் டி3 கலந்த கால்சியம் அவசியம், ஆனால் டப்பாவில் குறித்த அளவை மீறாதீர்கள். டி3 உடலில் சேர்ந்து நச்சாகும். பொடி தூவுவதையே விட்டுவிட்டால் தாடை மென்மையாகும், கால் வளையும், நடக்கையில் நடுங்கும். வளைந்த எலும்பு பழையபடி நிமிராது.

தோல் உரிக்கும் நாட்களில் உடல் வெளிறி மங்கும். உரித்ததைத் தானே தின்றுவிடும், பயப்படாதீர்கள். உரிந்த மறுநாள் விரல் நுனிகளையும் இமை ஓரத்தையும் பாருங்கள். விரலில் ஒட்டிய தோல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விரலே உதிரும். கெண்டைக்கால் நனையும் அளவு 30 டிகிரி நீரில் 15 நிமிடம் நிற்கவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். கண்ணில் ஒட்டியதை நீங்களாக இழுக்காமல் மருத்துவரிடம் விடுங்கள்.

ஒரு தொட்டிக்கு ஒரு கெக்கோதான். ஆண்கள் சண்டையிடும், பெண்களிலும் ஒன்று மற்றொன்றை உணவுக்கும் சூட்டுக்கும் அண்டவிடாது. வந்த முதல் இரண்டு வாரம் கையில் எடுக்காதீர்கள். பிறகும் மேலிருந்து பிடிக்காமல், கீழே கையை நீட்டி ஏறவிடுங்கள். வாலைப் பிடித்தால் கழற்றிவிடும். புது வால் குட்டையாக உருண்டு முளைக்கும். வால் இழந்தால் மண்ணையும் பாசியையும் எடுத்துவிட்டு, காயம் ஆறும்வரை பேப்பர் டவலில் வையுங்கள்.

தினமும் தண்ணீரை மாற்றி, ஒரே மூலையில் போடும் மலத்தை எடுத்து, தரை வெப்பத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை எடுத்துக் குறித்து வையுங்கள். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொட வேண்டாம்.

கொழுத்த பல்லி ஓரிரு வாரம் சாப்பிடாவிட்டால், எடை குறையாதவரை பொறுக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் அப்படித்தான். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் குச்சியாக மெலிந்தாலோ, மலம் நீராகப் போனாலோ, அன்றைய மலத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று குறிப்பிட்டுக் கேட்டுச் சோதியுங்கள். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அது சாகாது. முடிவு வரும்வரை அந்தத் தொட்டியின் இடுக்கியையும் கிண்ணத்தையும் வேறு பல்லிக்குப் பயன்படுத்தாதீர்கள்.